கூடம் கோணல் இல்லை... ஷூதான் கோணல்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். இதைச் சொன்ன புண்ணியவான், வெறுங்காலில் ஆடியவர்களை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். பரதநாட்டியம், கரகாட்டம், ஒயிலாட்டம், எங்கள் தெற்குச் சீமையில் ராஜகம்பளத்தார் ஆடுகிற தேவராட்டம்... எதற்கும் செருப்பு கிடையாது. கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சலங்கையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அதனால் பழி போடக் கூடத்தை விட்டால் வேறு ஆள் இல்லை.

இப்போது ஆள் இருக்கிறது. ஷூ!

சால்சா என்று ஒரு நடனம். ஸ்பானிஷ் மொழியில் அந்த வார்த்தைக்குச் சட்னி, குழம்பு என்கிற மாதிரி அர்த்தம். கியூபா, போர்ட்டோ ரிக்கோ தாளங்கள் நியூயார்க்குக்குப் போய்க் கொதித்து, 1964-ல் ஆரம்பித்த ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் புண்ணியத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் பரிமாறப்பட்டது. எட்டு எண்ணிக்கை, ஆறு அடி. 1, 2, 3... அப்புறம் 5, 6, 7. நாலிலும் எட்டிலும் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஆணும் பெண்ணும் கை கோத்து ஆடும்போது நடுநடுவே பம்பரமாகச் சுற்ற வேண்டும்.

வம்பு அந்தப் பம்பரத்தில்தான்.

'போடிநாயக்கனூருக்கும் சால்சாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தத்தை ரயில் கொண்டுவந்து இறக்கியது. மீட்டர் கேஜை அகலப்படுத்துகிறோம் என்று 2010-ன் முடிவோடு எங்கள் ஊர் ரயிலை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி ரயில் வந்தது. வந்ததும் வந்தது, சென்னை சென்ட்ரலிலிருந்து நேராகவே வந்தது. அந்த ரயிலில்தான் என் அக்கா மகள் வந்து இறங்கினாள், வலது முழங்காலில் பேண்டேஜோடு.

"என்னடி ஆச்சு?" என்று பதறினாள் அக்கா.

"சுத்தினேம்மா. நான் சுத்திட்டேன்... கால் சுத்தலை."

அவள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலத்தில் சால்சா வகுப்பு. சென்னைக்கு இது புதிதில்லை. அங்கே ஜெஃப்ரி வார்டன் என்கிற மாஸ்டர் பல வருடங்களாக மேற்கத்திய நடனங்களோடு சால்சாவும் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய குழுவின் பெயர் 'ஹாட் ஷூ டான்ஸ் கம்பெனி'. பெயரிலேயே ஷூ! என் மருமகள் போன வகுப்பு வேறு. ஆனால் அங்கேயும் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள், "ரன்னிங் ஷூ போட்டு ஆடாதீங்க" என்று. சால்சா ஷூ விலையைக் கேட்டுவிட்டு இவள் ரன்னிங் ஷூவிலேயே ஆடியிருக்கிறாள்.

தேனியில் டாக்டர் பார்த்தார். "சவ்வு இழுபட்டிருக்கு, கிழியலை. மூணு வாரம் ரெஸ்ட். இனிமே ஆடறதா இருந்தா முதல்ல ஷூவை மாத்து."

அக்கா ஒரே வரியில் தீர்ப்பு சொன்னாள்: "ஷூவை எதுக்கு மாத்தணும்? ஆட்டத்தை நிறுத்து."

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் அந்தப் பெண் என்னிடம் சொன்னது வேறு. "அங்க ஆபீஸ், ரூம், ஆபீஸ், ரூம்... இதுதான் மாமா. வாரத்துல ரெண்டு மணி நேரம் எனக்குன்னு இருக்கு. அதையும் விட்டுட்டா பைத்தியம் பிடிச்சிரும்."

பி.காம். படித்தவனுக்கு ஆடத் தெரியாது. ஆனால் எது எவ்வளவு, எது எதற்கு என்று விசாரிக்கத் தெரியும். விசாரித்தேன். கீழே இருப்பது அதன் ஐந்தொகை.

★★★

வழுக்குகிற செருப்பு இருக்கா?

முதலில் எங்கள் ஊர் செருப்புக் கடைக்குப் போனேன். போடி, மலையடிவார ஊர். விடிகாலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்புவார்கள். சரிவில் ஈர மண், பாசி, அழுகிய இலை. ஆகவே எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு செருப்பை விற்க ஒரே ஒரு வசனம் போதும்: "சுத்தமா வழுக்காதுங்க!"

நான் கேட்டேன்: "அண்ணே, கொஞ்சம் வழுக்குற மாதிரி ஷூ இருக்கா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு சார்?"

"அக்கா மகளுக்கு."

"ஏன் சார்... ஏதாச்சும் சொத்துத் தகராறா?"

சிரிக்காதீர்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது. மலை ஏறுகிறவருக்குத் தரையைக் கவ்விப் பிடிக்கிற அடிப்பாகம் வேண்டும். சால்சா ஆடுகிறவருக்கு அதற்கு நேர்மாறு. சுற்றும்போது உடம்பு திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது, தொடை திரும்புகிறது. ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொண்டு 'நான் வரமாட்டேன்' என்று நிற்கிறது. மேலே ஒருத்தர் முறுக்க, கீழே ஒருத்தர் பிடிக்க, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். அது கதவுக் கீல் மாதிரி. முன்னும் பின்னும் மடங்கத்தான் அதற்கு வசதி. முறுக்கினால் தாங்காது.

ரன்னிங் ஷூ நேராக ஓடுவதற்கென்று செய்தது. அதன் மெத்தையும் தடித்த ரப்பரும் ஓட்டத்துக்கு வரம், சுழற்சிக்குச் சாபம்.

'அப்படியானால் நம் பாட்டிகள் மாதிரி வெறுங்காலிலேயே ஆடிவிட்டால் என்ன? செலவே இல்லையே' என்பீர்கள். நானும் கேட்டேன். மருமகள் இரண்டு பதில் சொன்னாள். ஒன்று, வேர்த்த கால் டைல்ஸ் தரையில் ரப்பரைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு, பக்கத்தில் ஆடுகிற அம்மணியின் ஹீல் உங்கள் சுண்டுவிரல் மேல் இறங்கும். "அப்ப நீங்க ஆடுறது சால்சா இல்ல மாமா, சாமியாட்டம்!"

★★★

அடியில் இருக்கிறது சூட்சுமம்

அசல் சால்சா ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ரப்பர் இருக்காது. ஸ்வேட் என்கிற மெல்லிய, பூனைமுடி போன்ற தோல் இருக்கும். மாட்டுத் தோலைப் பாளமாகப் பிளந்தால், மேல் பாளம் வழவழவென்று பளபளப்பு ஷூவுக்குப் போகும். கீழ்ப் பாளத்தின் சொரசொரப்புதான் இந்த ஸ்வேட். தோல்காரர்கள் 'ஸ்பிளிட்' என்பார்கள். இது வழுக்கும், ஆனால் சறுக்கி விடாது. சுற்று என்றால் சுற்றும், நில் என்றால் நிற்கும். வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை இப்படி அமைந்தால் தேவலை.

இதற்குச் சில பத்தியங்கள் உண்டு. போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது. நனைக்கவே கூடாது. வகுப்புக்குப் பையில் எடுத்துப்போய், அங்கே மாட்டிக்கொண்டு, ஆடி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். ஆட ஆட அழுக்கேறி அடி மழுங்கிப் பளபளப்பாகும். அப்போது கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் பூமுடி மறுபடி எழும்பும். பிரஷ் வாங்கப் பெரிய பணம் ஆகாது. வழுக்கட்டும் என்று தரையில் பவுடர் கொட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். நீங்கள் சுற்றுவீர்கள், பின்னால் வருகிறவர் விழுவார்.

★★★

ஹீல் என்கிற மாயை

ஹீல் உயரம்தான் பெண்களை மயக்குகிற விஷயம். கடைகளில் கிடைக்கும் பெண்கள் சால்சா செருப்புகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று அங்குலம் வரை. புதிதாக ஆட வந்தவர்களுக்கு இரண்டு அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. உயரம் கூடக்கூட உடம்பு எடை முழுவதும் முன்பாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சால்சாவுக்கு முன்பாதத்தில் நிற்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக மொத்தக் குடும்பத்தையும் அங்கே குடிவைத்தால் விரல் அடி எரியும்.

உயரத்தைவிட முக்கியம், ஹீல் எங்கே நிற்கிறது என்பது. சரியாகக் குதிகாலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். நுனியில் கொஞ்சம் விரிந்த ஹீல் நிற்கும்; ஊசி ஹீல் ஆடும். நீங்கள் ஆட வேண்டும், ஹீல் ஆடக்கூடாது. கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கிற வார் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போகும்.

ஆண்களுக்கு ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். அந்த ஒன்றரை அங்குலச் சரிவு ஹீலுக்குப் பெயரே 'கியூபன் ஹீல்'. ஆனால் கியூபா பாணியில் ஆடுகிறவர்களில் நிறையப் பேர் தட்டையான ஷூவிலேயே ஆடுகிறார்கள் என்பதையும் அம்மணிகள் கவனிக்கவும். ஹீல் இல்லாமலும் சால்சா வரும்.

கடையில் ஒரு சோதனை. ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் மடங்கினால் நல்ல ஷூ. நட்டநடுவில் மடங்கினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல ஹீல் செருப்பில் பாதத்தின் வளைவுக்கு அடியில் ஒரு எஃகுப் பட்டை ஒளிந்திருக்கும். மட்டமானதில் அந்த இடத்தில் வெறும் அட்டைதான். எங்கள் மலையில் மழைக்காலத்தில் காலைப் பிடிப்பதும் அட்டைதான். அதுவாவது ரத்தத்தைக் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும்!

★★★

எட்டு மில்லி, ஏழு மில்லி

அளவு விஷயத்தில் என் அக்காவே நிபுணி. அவள் வேலை பார்ப்பது ஏலக்காய்க் கடையில். காயைச் சலித்துத் தரம் பிரிப்பது. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்றது ஒரு விலை, அதில் விழுந்து ஏழில் நின்றது இன்னொரு விலை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"ஒரு மில்லிக்கு நாங்க தனி மூட்டை போடுறோம். கால் மேல ஏறுற சாமானுக்கு 'ஆறு, ஏழு'ன்னு குத்துமதிப்பா வாங்குறீங்களே?" என்றாள்.

நியாயம்தான். நம் கடைகளில் இருப்பது பிரிட்டிஷ், ஐரோப்பிய நம்பர்கள். நம் பாதம் அவர்களுடையதைவிட அகலம். நீளத்துக்கு வாங்கினால் பக்கத்தில் நெருக்கும். அகலத்துக்கு வாங்கினால் முன்னால் லொடலொடக்கும். இதற்காகவே சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களைக் கருவி வைத்து அளந்தது. இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறை ஒன்றையும் சிபாரிசு செய்தது. பெயர் 'பா', பாரதத்தின் முதல் எழுத்து. அந்த நம்பர் போட்ட ஷூ உங்கள் ஊர்க் கடைக்கு வந்து சேரும்வரை நம் கையிலுள்ள நூலும் ஸ்கேலும்தான் துணை.

சாயங்காலம் அளவு எடுங்கள். நாளெல்லாம் நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும். ஆடுகிற காலும் அந்தக் கால்தான். இரண்டு காலையும் அளங்கள், பெரிய கால் சொல்வதைக் கேளுங்கள். 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா இருக்கட்டும்' என்று பள்ளிக்கூட ஷூ வாங்கின பழக்கம் இங்கே செல்லாது. சால்சா ஷூ காலைக் கையுறை மாதிரி பிடிக்க வேண்டும். தோல் நாளாவட்டத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆனால் வாங்குகிற அன்றைக்கே விரல் மடங்கினாலோ மரத்துப்போனாலோ அது இளகும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். இளகுவது உங்கள் விரலாகத்தான் இருக்கும்.

★★★

தேய்மானக் கணக்கு

இப்போது என் சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். தேய்மானம்! கல்லூரியில் இயந்திரத்துக்குப் போட்ட கணக்கை ஷூவுக்குப் போட்டுப் பார்த்தேன்.

மருமகள் பார்த்து வைத்திருந்த ஷூ 6,000 ரூபாய். அக்கா எல்லாவற்றையும் ஏலக்காயில்தான் அளப்பாள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அந்த விலைக்கு ஒரு கிலோகூட ஆகாது. ஆயிரத்துக்குக் கீழே கிடந்த வருடங்களும் உண்டு. அப்போதென்றால் ஆறு கிலோவுக்கு மேல். "ஆறு கிலோ காயைக் காலுல கட்டிக்கிட்டு ஆடணுமா?" என்றாள்.

நான் பேப்பரை எடுத்தேன். வாரம் இரண்டு மணி என்றால் வருடத்துக்குச் சுமாராக 100 மணி. 6,000 ரூபாய் ஷூ இரண்டு வருடம் உழைத்தால் மணிக்கு 30 ரூபாய். உள்நாட்டில் செய்த 3,000 ரூபாய் ஷூ அதே இரண்டு வருடம் உழைத்தால் மணிக்கு 15. பழைய ஷூவுக்கு 400 ரூபாய் செலவில் ஸ்வேட் அடி போட்டு, அது 50 மணி தாங்கினால்கூட மணிக்கு 8 ரூபாய்தான். வீட்டில் கிடந்த ரன்னிங் ஷூவுக்குச் செலவு பூஜ்யம். ஆனால் டாக்டர் பில், மூன்று வார லீவு இரண்டையும் பற்று வைத்தால், இருப்பதிலேயே விலை உயர்ந்த ஷூ அதுதான்!

மூன்றாவது வழி பேப்பரில் ஜெயித்துவிட்டது. காலில் ஜெயிக்குமா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சால்சா என்றால் என்னவென்று அவர் கேட்கவே இல்லை. "சுத்தணும், ஆனா விழக்கூடாது. அம்புட்டுதான?" என்றார். கொண்டுபோன மூன்று பழைய ஜோடிகளில் இரண்டை ஒதுக்கினார். ஒன்று தடித்த மெத்தை அடி: "இது குதிரை மாதிரி, திரும்பாது." இன்னொன்று குதிகாலில் வார் இல்லாதது: "பறந்து போயிரும்." மூன்றாவது, வார் வைத்த, இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த கட்டை ஹீல் செருப்பு. வளைத்துப் பார்த்தார். "இது உருப்படி."

ரப்பர் அடியைச் சுரண்டிச் சமப்படுத்தி, ஸ்பிளிட் தோலின் பூமுடிப் பக்கம் தரையைப் பார்க்கும்படி சொல்யூஷன் போட்டு ஒட்டினார். ஓரம் முழுக்க அடக்கமாகச் சீவினார், தடுக்கக்கூடாதே! ஹீல் நுனியில் மட்டும் ரப்பரை விட்டுவைத்தார். "ரெண்டும் வழுக்குனா பிரேக் எங்க இருக்கும்?" ஒரு ராத்திரி காய விட்டுக் கொடுத்தார்.

தோலுக்கு நாம் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் அனுப்புகிற ஊர்கள். இந்தப் பக்கம் திண்டுக்கல்லிலேயே தோல் பதனிடும் ஷாப்புகள் உண்டு. ஒரு ஜோடிக்குத் தேவை உள்ளங்கையகலத் துண்டுதான்.

ஆண்களுக்கு இன்னும் சுலபம். பீரோவில் தூங்குகிற கல்யாண ஷூவின் அடி தோலாக இருந்தால் அதுவே போதும். புதிதாக வகுப்பில் சேர்ந்து, பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாதவர்கள் பழைய பருத்தி சாக்ஸை வெட்டி, கேன்வாஸ் ஷூவின் முன்பாதியில் மாட்டி ஒரு மாதம் ஓட்டலாம். குதிகாலை மூட வேண்டாம். பளபள டைல்ஸ் தரையில் மட்டும் இந்த வித்தை வேண்டாம். இடுப்பெலும்புக்குத் தேய்மானக் கணக்கு கிடையாது.

★★★

மூன்று வாரம் ஓய்வு முடிந்து, டாக்டர் தலையாட்டிய பிறகு, வீட்டுக் கூடத்தில் சோதனை. சிவப்புச் சிமெண்ட் தரை. மருமகள் முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று, பிறகு பயந்து பயந்து ஒரு முழுச் சுற்று. நின்றாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். இந்தத் தடவை நிற்கவில்லை.

அக்கா முறத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் திரும்பினாள்.

"நான் பதினோரு வருசம் ஜீப்புல மலைக்குப் போயிருக்கேன். பழைய பிளாஸ்டிக் செருப்பு. அடி தேய்ஞ்சு மொழுமொழுன்னு போன பொறவும் அதைத்தான் போட்டோம். எத்தனை தடவை சரிவுல விழுந்திருப்போம்! ஒருத்தரும் வந்து காலை அளக்கலை. இப்ப எங்கூட வேலை பார்த்தவளுக நாலஞ்சு பேர் இன்னும் மலைக்குப் போறாளுக. அந்தத் தாத்தாகிட்ட கேளு... வழுக்குறதுக்கு அடி போட்டவரு, வழுக்காம இருக்கவும் போடுவாருல்ல?"

கேட்டேன். போடுவாராம். பழைய டயரிலிருந்து கட்டை கட்டையாகப் பூ வெட்டிய அடி. செருப்பின் மேல்பாகம் திடமாக இருந்தால் போதும் என்றார்.

அடுத்த நாள் நாலு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தோம். பில்லை மருமகள் கட்டினாள். தான் வாங்காமல் விட்ட ஷூவில் மிச்சமான பணம் என்றாள். வணிகவியலில் இந்தப் பதிவுக்கு என்ன தலைப்பு என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. வரவில்தான் வைத்திருக்கிறேன்.